கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல்

1968 பிப்ரவரி 19, திங்கள்

அண்ணன் இன்றைக்கு வேலைக்குச் சைக்கிளில் போனான்.

பக்கத்து வீட்டுத் துலுக்கானம் மாமாவின் பழைய சைக்கிள். செயின் கவர் கிடையாது, பெல் அடிக்காது. பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை அதை மிதித்துக்கொண்டு போய், நாள் முழுக்க லேத்து மெஷின் முன்னால் நின்றுவிட்டு, மறுபடி மிதித்துக்கொண்டு வர வேண்டும். ஏழு பத்து ரயில் வண்டிக்கு என்ன கேடு வந்தது என்று அம்மா கேட்டாள். "சீசன் டிக்கெட் காசு மிச்சம் ஆவுதுமா. கல்யாணச் செலவு கீதுல்ல" என்றான். சொல்லும்போதே இடது காதைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டான்.

பொய் சொன்னால் காதைத் தேய்ப்பான். சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. என் பிள்ளை இப்போதே சிக்கனம் பிடிக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 20

நேற்று எழுதியது பாதிதான். இந்த டைரியிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரஸ்ஸில் பைண்டிங் கோணலாகிவிட்டது என்று தள்ளி வைத்த டைரி இது. பூந்தமல்லியில் அந்த பிரஸ்ஸில் நான் பைண்டிங்கில் இருக்கிறேன், மனோகரன் எழுத்துக் கோர்க்கிறார். இரண்டு வருஷமாக மனசில் வைத்துக்கொண்டிருந்து, வீட்டில் சொல்லி, அம்மா அழுது, அண்ணன் அவளைச் சமாதானம் செய்து, போன வாரம்தான் அவர் அம்மா தாயம்மா அத்தை பேச வந்தார்கள்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. வரதட்சணை வேண்டாம், நகை வேண்டாம், சீர் வேண்டாம். ஆனால் மூத்தவள் கண்ணம்மா வீட்டில் இருக்கும்போது தம்பிக்கு மாலை போட முடியாது. அதனால் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆனந்தன் எங்கள் கண்ணம்மாவைக் கட்டட்டும், எங்கள் மனோகரன் உங்கள் பேபியைக் கட்டட்டும். ஒரே பந்தல், ஒரே அடுப்பு, ஒரே பத்திரிகை, செலவு ஆளுக்குப் பாதி. கண்ணம்மாவுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பாய்க் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "எனக்குச் சம்மதம்தான்" என்றான் அண்ணன்.

பொங்கல் அன்றைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டே என்னிடம் என்ன சொன்னான்? "உங்கல்யாணம் முடியட்டும் பேபி. அப்பால ஆவடில ஒரு ஊடு கீது. நீதான் போயி பொண்ணு கேக்கணும்." ஏழு பத்து வண்டியில் ஆவடியில் ஏறுகிற பெண். ஒரு தடவை நானும் அந்த வண்டியில் போயிருக்கிறேன். அவள் ஏறியதும் அண்ணன் ஜன்னல் ஓரத்தை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றான். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். பேர்கூட எனக்குத் தெரியாது.

இப்போது சைக்கிள் ஏன் என்று எழுத வேண்டுமா?

பிப்ரவரி 27

மனோகரன் எங்களுக்கென்று ஒரு நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். யார் யார் என்னென்ன கையாலேயே செய்வது என்று. ஓலை துலுக்கானம் மாமா தோப்பிலிருந்து, பந்தல் நாமே போடுவது, பத்திரிகை அவரே கோர்ப்பது, சமையல் தெருப் பெண்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எல்லாருக்கும் நல்லதாக முடிந்தது பார் என்கிறார்.

ஆவடிப் பெண்ணைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார், அப்படிப்பட்ட மனுஷன். நிறுத்திவிடுவார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 3, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். நானே போய் மாட்டிக்கொண்டேன்.

ஜாக்கெட் அளவு கொடுக்க பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். இரண்டு பேருக்கும் கல்யாண ஜாக்கெட்டைக் கண்ணம்மாவே தைத்துவிடுவதாக ஏற்பாடு. அவள் வீட்டோடு தையல் வேலை செய்கிறாள். மெஷின் ஒரு இருட்டு மூலையில் கிடக்கிறது, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தைக்கிறாள். அளவு எடுத்து முடித்ததும், டேப்பைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "உங்கண்ணன் இன்னா சொன்னாரு? மனசோட தானா, இல்ல உனக்காவவா?"

என்ன சொல்வது? அவளுடைய அந்தக் கண் என்னைப் பார்க்கிறதா, வேறெங்கோ பார்க்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு வாய் தானாகத் திறந்தது. அண்ணனுக்கு ரொம்ப இஷ்டம் என்றேன். பொறுமையான பெண் என்று சொன்னான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தையல் மெஷினைக் கொண்டுவரச் சொன்னான், வெளிச்சத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்று சொன்னான் என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் எங்கிருந்துடி வந்தது உன் வாயில்?

கண்ணம்மா நான் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். வழியில் தெரிந்தவர்களிடமெல்லாம் நின்று சிரித்துப் பேசினாள்.

மார்ச் 10

மறுபடியும் போனேன். மறுபடியும் சொன்னேன். சாம்பாரில் கத்திரிக்காய் போட்டால் அண்ணன் சட்டியையே காலி செய்வான் என்றேன், அது நிஜம். உங்களுக்குப் பச்சைப் புடவை நன்றாக இருக்கும் என்று சொன்னான் என்றேன், அது பொய். நிஜத்தில் ஒன்று, பொய்யில் ஒன்று என்று கலந்து கொடுக்கிறேன், பால்காரி மாதிரி.

அண்ணனோ வீட்டில் கண்ணம்மா பேச்சையே எடுப்பதில்லை.

மார்ச் 16

தாயம்மா அத்தை வேடிக்கையாகத்தான் சொன்னார்கள், ஆனால் இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. "உன்னிய இங்க நான் ஒரு வார்த்த சொன்னா, அங்க எம்பொண்ண உங்கம்மா ரெண்டு வார்த்த சொல்லுவாங்க. அதால ரெண்டு பேரும் ராணிதான் போ." பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் இருக்கிற சூட்சுமமே இதுதான். ஒரு வீட்டில் அழுதால் இன்னொரு வீட்டில் கேட்கும். அண்ணன் அவளிடம் முகம் கொடுக்காமல் போனால் அத்தை என்னைச் சும்மா விடுவார்களா? பார், இப்போதும் நான் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

மார்ச் 25

சைக்கிள் பஞ்சர். அண்ணன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் போகிற யாரோ ஒருவரின் லாரியில் ஏறி, இறங்கி, நடந்து, எப்படியோ வேலைக்குப் போயிருக்கிறான். ரயிலில் போகவே இல்லை.

ஏப்ரல் 4

பத்திரிகை தயார். ஏதோ ஒரு கடை விளம்பரத்துக்குக் கலந்து மிஞ்சிய பச்சை மையில் மனோகரன் அடித்திருக்கிறார், அதனால் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லவே முடியாது, உரக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அம்மா ஓரத்தில் மஞ்சள் தடவியதும் கொஞ்சம் களை வந்தது. மூத்தவர்கள் பேர்தான் முதலில் வர வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டதால் மேலே ஆனந்தன், கண்ணம்மா, கீழே நாங்கள். ஜூன் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.

அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "எயுத்து சோக்கா கோத்துகிறாரு மச்சான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை மலிவு என்று எல்லாரும் போனோம். அம்மா, அத்தை, கண்ணம்மா, நான், மூட்டை தூக்க அண்ணன். மனோகரனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கல்யாணம் பேசி முடித்த பிறகு அண்ணனும் கண்ணம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே இன்றைக்குத்தான்.

கடைக்குள் அம்மாவும் அத்தையும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். கண்ணம்மா பச்சைப் புடவை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து நேராகக் கேட்டாள். "ஜன்னல் வெச்சித் தரேன்னு சொன்னீங்களாமே?"

அண்ணன் என் பக்கம் திரும்பினான். ஒரு நொடி. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"ஆமா" என்றான். "கெயக்கால வெக்கலாம்னு கீறேன். கார்த்தாலயே வெளிச்சம் வரும்." காதைத் தேய்த்துக்கொண்டான். "அந்தப் பச்ச நல்லா கீது. அதியே எட்த்துக்க."

கண்ணம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் புடவையை மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைக் கிணற்றுப் பக்கம் கூப்பிட்டான். அடிப்பான் என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம். "சொல்லு. இன்னும் நான் இன்னான்னா சொல்லிகிறேன்? ஒண்ணு உடாம சொல்லு, மறந்துட்டு நான் எங்கியாவது மாட்டிக்கப் போறேன்" என்றான்.

பொறுமையான பெண் என்று சொன்னது, பச்சைப் புடவை, மெஷின், ஜன்னல், கோவிலுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னது, எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான், மளிகைச் சாமான் சொல்வதைக் கேட்பவன் மாதிரி. திட்டவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஏப்ரல் 28

சுவரை இடிக்கிறான்.

கல்யாண வீட்டில் சுவரை இடிப்பார்களா, ஆகாதுடா, முதலில் கல்யாணம் முடியட்டும் என்று அம்மா வாசலில் உட்கார்ந்து புலம்புகிறாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடப்பாரையை வைத்து மண்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைகிறான். நான் மண்ணை வாரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் சட்டம் பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் பழைய மரத்தில் சொல்லியிருக்கிறானாம். அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்று அம்மா கேட்டதற்கு, மேளம் வேண்டாம், ரேடியோ செட் போதும் என்றான். மேளம் இல்லாமல் கல்யாணமா என்று அம்மா இன்னும் கொஞ்சம் புலம்பினாள்.

அம்மா தண்ணீருக்குப் போன நேரத்தில் கேட்டுவிட்டேன். "ண்ணா, வேணாம்னா இப்பவே சொல்லிடு. நான் அவர்கிட்ட சொல்லி நிறுத்திடறேன்."

கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் செம்மண். "எத்த நிறுத்துவ? ஒண்ண நிறுத்துனா ரெண்டும் நிக்கும். வந்தவன்லாம் வோணாம் வோணாம்னுட்டுப் போன பொண்ணு. நானும் ஒரு தபா சொல்லணுமா?" என்றான். மறுபடி கடப்பாரையை எடுத்துக்கொண்டே சொன்னான். "ஜன்னலு கேட்டுச்சு பாரு, அப்ப மூஞ்சிய பாத்துட்டேன் பேபி. இன்மே முடியாது."

அப்புறம் ஆவடி என்று நான் ஆரம்பித்தேன். "அந்தப் பேச்ச உடு" என்றான். அவ்வளவுதான்.

மண்ணைக் கொட்டிவிட்டு வருகிற சாக்கில் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அழுதுவிட்டு, அப்பாடா கல்யாணம் நிற்காது என்று ஒரு நிம்மதி வந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுத?

மே 6, திங்கள்

இன்றைக்கு நான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. பிரஸ்ஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஏழு பத்து வண்டியில் போனேன்.

ஆவடியில் ஏறினாள். அதே டிபன் டப்பா. கொஞ்சம் இளைத்திருக்கிறாளோ, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ. எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. உட்காருவதற்கு முன்னால் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே வேறு யார் யாரோ தொங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பிப்ரவரியிலிருந்து தினம் அப்படித்தான் பார்க்கிறாளா? அம்மா தாயே, ஒரு நாள் தற்செயலாகப் பார்த்ததாக இருக்கட்டும்.

பொண்ணு கேட்க நீதான் போகணும் என்று அண்ணன் சொன்னான். போனேன். எதிரிலேயே உட்கார்ந்தேன். அம்பத்தூரில் அவள் இறங்கும்போது என் கால் மேல் அவள் கால் பட்டுவிட்டது. மன்னிச்சுக்கோங்கக்கா என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மே 7

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19

தெருவே ஓலை முடைகிறது. துலுக்கானம் மாமா இரண்டு வண்டி ஓலை கொண்டுவந்து குளத்தில் ஊறப்போட்டுக் கொடுத்தார். சாயங்காலமானால் பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு, சிரிப்பு, என்னைக் கேலி செய்வது. அண்ணனையும் விடுவதில்லை, பெண்டாட்டிக்கு முன்னால் ஜன்னல் வந்துவிட்டது என்று. அவனும் சிரிக்கிறான்.

அரிசிதான் பெரிய கவலையாக இருந்தது. ரேஷனில் கிடைப்பது வீட்டுக்கே போதாது, கல்யாணத்துக்கு எங்கே போவது? வீட்டுக்கு ஒரு படி கொடுத்துவிடலாம் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அம்மா கண் கலங்கிவிட்டாள். நான் மட்டும் முடைந்த ஓலையைப் பிரித்துப் பிரித்து மறுபடி முடைந்துகொண்டிருந்தேன். இத்தனை பேர் கை போட்டுத் தூக்குகிற கல்யாணம், அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூன் 2

பந்தக்கால் நட்டாயிற்று. ஒரு பந்தலானாலும் இரண்டு கல்யாணம், இரண்டு கால் நட வேண்டும் என்று அத்தை பிடிவாதம். ஒன்றுக்கு நான் மஞ்சள் தடவினேன். இன்னொன்றுக்குக் கண்ணம்மா சார்பில் யார் தடவுவது என்று பேச்சு வந்தபோது அண்ணன் தானே வந்து மஞ்சளைக் குழைத்துத் தடவினான். ஆம்பிளை தடவுவாங்களா என்று எல்லாரும் சிரித்தார்கள்.

ஜன்னலுக்குச் சட்டம் பொருத்தியாயிற்று. ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

முடிந்தது.

முதலில் அண்ணன் கட்டினான். பிறகு அவர் எனக்குக் கட்டினார். அண்ணன் மூன்று முடிச்சும் ஒழுங்காகப் போட்டான். பச்சைப் புடவை கண்ணம்மாவுக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய்யாகச் சொன்னது நிஜமாகிவிட்டது.

பாயசம் பத்தவில்லை. மற்றபடி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ரேடியோ செட்டுக்காரர் ஒரே ரிக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்.

நான் கிளம்பும்போது அண்ணன் காலில் விழுந்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. "எந்திரி, பஸ்ஸு போயிடும்" என்றான்.

ஜூலை 14, பூந்தமல்லி

அத்தை நன்றாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அவர் சம்பளத்தை என் கையில்தான் கொடுக்கிறார். மழை பெய்தால் குடை எடுத்துக்கொண்டு பிரஸ் வாசலுக்கு வந்து நிற்கிறார், இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை என்பதையே மறந்துவிட்ட மாதிரி. சந்தோஷமாக இருக்கிறேன். அதுதான் குத்துகிறது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பட்டாபிராம் போய் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்த்து என்ன தெரியப்போகிறது? சாப்பிட்டாயா என்று கேட்கிறான். மச்சான் எப்படிக் கீறாரு என்று கேட்கிறான். அண்ணி மெஷினை ஜன்னலுக்குக் கீழே போட்டுத் தைக்கிறாள்.

செப்டம்பர் 1

சைக்கிள் மிதித்து அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. அண்ணி தையல் கூலியில் அவனுக்குச் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அம்மா சொல்லிப் பெருமைப்பட்டாள். வேண்டாம் அண்ணி, அந்த ரயில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

நாளையிலிருந்து ரயில்.

செப்டம்பர் 8

அண்ணன் ஏழு பத்து வண்டியில் போகவில்லை. ஆறு இருபது வண்டியில் போகிறான். எஸ்டேட் கேட் திறக்கும் வரைக்கும் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறானாம்.

அக்டோபர் 23, புதன்

தலை தீபாவளி. எனக்கும் அண்ணிக்கும் ஒரே நாளில் தலை தீபாவளி, அவள் வீட்டுக்கு அவர்கள் போக வேண்டும், என் வீட்டுக்கு நாங்கள் வர வேண்டும். ஆவடி பஸ் நிறுத்தத்தில் நாலு பேரும் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். அண்ணன் அவளுடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆவடி என்பதால் நான் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா வீட்டில் இருக்கிறேன். வாந்தி நின்றுவிட்டது. ஜாக்கெட் எல்லாம் பிடிக்கிறது என்றதும் அண்ணி பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலில் வெயில் நன்றாக வந்தது. அந்தக் கதவு இன்னும் சரியாகச் சாத்துவதில்லை.

தையலைப் பிரித்துக்கொண்டே அண்ணி கேட்டாள். "ஏழு பத்து வண்டி இருக்க சொல்ல, உங்கண்ணன் இன்னாத்துக்கு ஆறு இருவதுக்கே ஓடறாரு? இருட்டுல எந்திரிச்சி. உனக்குத் தெரியுமா?"

வாய்க்குப் பதில்கள் தயாராக வந்துவிட்டன. மேஸ்திரி சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று ஒன்று. கூட வேலை செய்கிறவர்களோடு போகிறான் என்று ஒன்று. நாக்கு நுனியில் நின்றன. எத்தனை பொய்தான் சொல்வாய் பேபி என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். முதல் தடவையாக, "அண்ணனையே கேளுங்க அண்ணி" என்றேன்.

"கேட்டேன். அதுல கூட்டம் கம்மின்னாரு." நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "காதத் தேச்சிக்கினே சொன்னாரு. அன்னிக்கு எம்.சி. ரோட்டுல ஜன்னலப் பத்தி சொன்னப்பவும் அதே மாரிதான் தேச்சாரு."

அப்படியென்றால் ஏப்ரலிலேயே. பச்சைப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தைத்தாள், தெரிந்துதான் கழுத்தை நீட்டினாள். தெரிந்துமா அண்ணி என்று கேட்டேனா, மனசுக்குள் நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

அண்ணி கோபமாகப் பேசவில்லை. "உங்கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் சரின்னாரு. எம்மனசு நோவக் கூடாதுன்னு நீ அவரு சொன்னாருன்னு சொன்ன. எந்தம்பி மூஞ்சிய பாத்து நானும் சரின்னேன். உனக்கு இன்னா வோணும்னு என்னிய மட்டும் யாரும் ஒரு வார்த்த கேக்கல."

இத்தனை மாசம் இந்த டைரி முழுக்க அண்ணன், அண்ணன் என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். தம்பிக்காகத் தலையாட்டின ஒருத்தி ஒவ்வொரு வாரமும் என் எதிரில் உட்கார்ந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரிகூட அவளுக்காக எழுதவில்லை.

இப்போதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன கேட்பது? ஆறு மாசம் கழித்து, தாலி ஏறின பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்றா?

அண்ணி டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "பழைய அளவு இன்மே ஒத்து வராது. கையத் தூக்கு" என்றாள்.

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன்.